உபயம்: மே. கோவிந்தராஜ்

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் வைத்த ரசத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, பதினாறு நாள் மாமனாரும் மருமகளும் பேசாமல் இருக்க முடியுமா? முடியும். நம்பாதவர்கள் பூந்தமல்லி லாயத் தெருவுக்கு வந்து பார்க்கலாம்.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இந்த வாரம்தான் வண்டி ஏறுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

தெருக்கோடியில் வெள்ளைக்காரன் குதிரை கட்டிய லாயம் இருக்கிறது. ஒன்பது வளைவு, சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துக் கட்டிய தளம். நடு வளைவில்தான் சுசீலாவின் தையல் சங்கம். முகப்பேர் பள்ளிக்கூடங்களுக்கு யூனிஃபார்ம் தைத்து இருபத்திரண்டு பெண்கள் பிழைக்கிறார்கள். போன மழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறி உதிர ஆரம்பித்தது. சர்க்கார் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தார்கள். சிவப்பு பெயிண்டில் 'கண்டம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப்போவதாகப் பேச்சு.

சுசீலா விடவில்லை. கொத்தனார் கோதண்டத்தை அழைத்துவந்து சுவரைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னாள். அவர் ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டிவிட்டுச் சிரித்தார்.

"சொவுரு நல்லாத்தான்மா கீது. மேல பூசுன சிமிட்டிதான் வில்லங்கம். சுண்ணாம்பு சொவுருக்குள்ள ஈரம் போவும், வரும். சிமிட்டி பூசிட்டா உள்ள போன ஈரம் உள்ளயே குந்திக்கும். எவன் பூசுனான் இத்த?"

எவன் பூசினான் என்றால், சுசீலாவின் மாமனார் கோவிந்தராஜ்தான் பூசினார். ஆவடி ஃபேக்டரியில் கட்டட மராமத்து செக்‌ஷனில் வேலை பார்த்த காலத்தில், எழுபத்து நான்காம் வருஷம், மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து, தன் கையால், தன் உபயமாக. லாயம் நூறு வருஷம் நிற்க வேண்டும் என்று நினைத்துத்தான் பூசினதாகச் சொல்வார். அதைத்தான் மருமகள் ஆள் வைத்துச் சுரண்டி எடுத்தாள்.

அவர் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில், அடியோரமாக, சிமெண்ட் பலகை போட்டு, 'உபயம்: மே. கோவிந்தராஜ், 1974' என்று எழுதியிருந்தார். அதில் மட்டும் கை வைக்கக் கூடாது.

கோதண்டம் அதையும் எடுக்கத்தான் வேண்டும் என்றார். சுசீலா மாட்டேன் என்றாள். மாமனாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு கிழவர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். கேட்டதைக் கொடுத்த பிறகும் ஏன் கோபம் என்று கேட்காதீர்கள். கோபத்துக்குக் கணக்கு வழக்குத் தெரிந்தால் உலகத்தில் பாதி வீடுகளில் சண்டையே இருக்காது.

இன்றைக்கு லாயத்துக்குப் பரீட்சை. நடு வளைவின் தளத்தில் எட்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மாலை ஐந்து மணிவரை வைத்திருக்க வேண்டும். தளம் வளையக் கூடாது. ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. நின்றுவிட்டால் ஒன்பது வளைவையும் பழுது பார்த்து, தையல் சங்கத்தோடு படிப்பகம், பால்வாடி, காய்கறிக் கடைகள் எல்லாம் அங்கேயே வரும். ஒழுகினால் அடுத்த வாரமே கடப்பாறை.

*

காலையில் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

"உத்தமா, உன் பொண்டாட்டி கையில சொல்லு. மாடிக் கதவு சாவி ஆணியில மாட்டிக்கீது" என்றார் கோவிந்தராஜ். சொல்லப்பட்டவள் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாங்க, உங்க நைனா கையில கேளுங்க. அவரு வராரா, இல்லியா?" என்றாள் சுசீலா.

உத்தமனுக்கு மத்தளத்தின் நிலைமை. இரண்டு பக்கமும் இடி. அவனும் அதே ஃபேக்டரிதான். இன்றைக்கென்று லீவு போட்டிருந்தான். லீவு போடாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

"நைனா, நீயும் வாயேன்."

"எனக்கு இன்னாடா அங்க வேல? நான் பூசுனதைத்தான் சொறண்டிட்டாங்களே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார் கிழவர். பேப்பர் தலைகீழாக இருந்ததை உத்தமன் மட்டும் பார்த்தான். 

*

ஒன்பது மணிக்கு வர வேண்டிய தண்ணீர் லாரி ஒன்பதரைக்கும் வரவில்லை. கரையான்சாவடியில் ஆக்ஸில் முறிந்து நிற்கிறதாம்.

அசிஸ்டெண்ட் இன்ஜினியர் ரகுநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் ஃபைலைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார்.

"இன்னொரு நாள் வெச்சுக்கலாம்மா. ஆனா ஒண்ணு, அடுத்த தேதி எப்பன்னு எனக்கே தெரியாது. அதுக்குள்ள இடிக்கிற ஆர்டர் வந்துட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

சுசீலா தெருமுனையைப் பார்த்தாள். இத்தனை மாதம் ஆபீஸ் படியேறி, மனு எழுதி, சுவர் சுரண்டி, கடைசியில் ஒரு லாரிக்காகவா?

காஜா போடும் வேம்புலியம்மாள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இன்னாத்துக்கு சார் லாரி? அந்தாண்ட அம்மாம் பெரிய கெணறு சொம்மாவா கீது? குதுரைக்கே தண்ணி குடுத்த கெணறு. நமக்குக் குடுக்காதா?"

"அய்யாயிரம் லிட்டருக்கு மேல வேணும்மா!"

"குடத்துல சொல்லு."

ரகுநாதன் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார். "முந்நூத்தி அறுபது குடம்."

"அவ்ளோதானா? எங்க தெருவுல கொழாயடியில ஒரு நாளைக்கு எத்தினி குடம் புடிக்கறோம்னு உனக்குத் தெரியுமா?"

லாயத்துக் கிணற்றுக்கு நாலு பக்கமும் ராட்டினம் உண்டு. நாலிலும் கயிறு மாட்டினார்கள். தையல் சங்கத்துப் பெண்கள் இருபத்திரண்டு பேர், தெருப் பெண்கள் இருபது பேர். கிணற்றடியிலிருந்து மாடிப்படி வழியாகத் தளம் வரைக்கும் வரிசை கட்டி நின்றார்கள். குடம் கை மாறிக் கை மாறி மேலே போயிற்று. காலிக் குடம் தாம்புக்கயிற்றில் கீழே இறங்கிற்று. உத்தமன் ராட்டினத்தில் நின்றான். பத்தாவது குடத்தில் சட்டையைக் கழற்றினான். ஐம்பதாவது குடத்தில் வெட்கத்தையும் கழற்றிவிட்டுக் கத்த ஆரம்பித்தான்.

"நூத்தி இருவதே!"

"இங்க நூத்திப் பத்தொம்பதுதான் வந்துது! ஒரு குடம் யாரு குடிச்சது?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

நடுவில் ரகுநாதனும் வரிசையில் ஒரு இடைவெளியில் வந்து நின்றதைப் பலபேர் கவனிக்கவில்லை. ஃபைலை ஜன்னல் மேல் வைத்திருந்தார்.

வேம்புலியம்மாள் குடத்தை வாங்கிக்கொண்டே கேட்டாள். "சார், சொவுத்துல எழுதிக்கீதே, கண்டம்னு. அதுக்கு எவ்ளோ நாளு?"

"எதுக்கு எவ்ளோ நாள்?"

"கண்டத்துக்குத்தான். எங்க வூட்டுக்காரருக்கு ஜோசியரு நாப்பதுல தண்ணியில கண்டம்னாரு. கண்டம் தாண்டிட்டா ஆயுசு கெட்டின்னும் சொன்னாரு. அதே போல தாண்டி வந்துட்டாரு, இன்னிக்கும் தின்னுட்டுத் தூங்கறாரு. இதுக்கும் தண்ணியிலதானே கண்டம்?"

ரகுநாதன் சிரித்தார். "அது அந்தக் கண்டம் இல்லம்மா. உதவாதுன்னு தள்ளினதை இங்கிலீஷ்ல 'கண்டெம்'னு சொல்லுவாங்க. நாம அதைக் கண்டம்னு ஆக்கிட்டோம்."

"எங்க ஃபேக்டரியில இத்த எழுதிட்டாங்கன்னா நேரா ஸ்க்ராப் யார்டுதான்" என்றான் உத்தமன்.

"உங்க ஃபேக்டரிய உடு. தமிழ்ல எழுதிக்கீது. நான் தமிழ்லதான் படிப்பேன்" என்றாள் வேம்புலியம்மாள்.

பதினொன்றரைக்கு முந்நூற்று அறுபதாவது குடம் போய்ச் சேர்ந்தது. தையல் டேப்பை நீருக்குள் விட்டு அளந்தார் ரகுநாதன். சரியாக எட்டு அங்குலம். கீழே தரையில் வெளிர்நீல யூனிஃபார்ம் துணியை விரித்தார்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் கருநீலமாகக் காட்டிக்கொடுத்துவிடும். மெஷின்களை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பெண்கள் தைக்க உட்கார்ந்தார்கள். தைத்தார்கள் என்று பெயர்தான். நாற்பத்து நான்கு கண்களும் உள்ளேதான் இருந்தன.

தளம் வளைகிறதா என்று பார்க்க அதன் அடியில் தொங்கவிட்ட நூல் ஒரு இழைகூட அசையவில்லை. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. துணி காய்ந்தே கிடந்தது.

இரண்டு நாற்பதுக்கு, கிழக்கு மூலையில், ஒரு பொட்டு விழுந்தது.

*

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாவது பொட்டு விழுந்தது. ரகுநாதன் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிசம் சார்" என்றாள் சுசீலா. மூலையைக் கையால் காட்டினாள். "நடுவுல ஒழுவல சார். சொவுரு ஓரமாத்தான் ஒழுவுது. பாருங்க."

கோதண்டம் மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சுசீலாவைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பெரியவரு பலகைக்கு நேர் கீழதான். சிமிட்டிக்கும் சுண்ணாம்புக்கும் நடுவுல மயிரிழை வெடிப்பு. நான் அன்னிக்கே தலபாடா அடிச்சிக்கினேன்."

ரகுநாதன் யோசித்தார். "சரி. அந்த ஓரத்தை மட்டும் களிமண் வரப்பு வெச்சுத் தடுத்து, தண்ணிய எடுத்துடுங்க. மத்த தண்ணி அப்படியே நிக்கட்டும். சொட்டு நின்னுட்டா குத்தம் பலகைமேல. நிக்கலைன்னா குத்தம் தளத்துமேல. அஞ்சு மணி வரைக்கும்தான் நேரம்."

வரப்பு கட்டினார்கள். ஓரத்துத் தண்ணீரை மொண்டு, துணியால் ஒற்றி எடுத்தார்கள். சொட்டு நிற்கவில்லை. நிமிஷத்துக்கு இரண்டு என்று நிதானமாக விழுந்துகொண்டே இருந்தது.

"பலகைக்குப் பின்னால பூந்துக்கின தண்ணி. வெளிய வர வழியில்ல, உள்ள எறங்குது" என்றார் கோதண்டம். உளியை எடுத்தார். "ஒடைச்சு வுட்டா நின்னுடும்."

சுசீலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்ணா."

"இன்னாம்மா வேணாம்? மணி மூணரை ஆவுது!"

"வாக்குக் குடுத்துக்கீறேன்."

இருபத்திரண்டு பெண்களும் அவளையே பார்த்தார்கள். அவர்களுக்கும் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். தானே இழுத்து வைத்துக்கொண்ட வினை என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கே கோதண்டம் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கிழவர் மனசு நோகக் கூடாது என்று மரியாதை பார்த்தாள். அந்த மரியாதைதான் இப்போது சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருக்கிறது.

"உங்க நைனா எங்க?" என்று புருஷனைக் கேட்டாள்.

உத்தமன் தலையைச் சொறிந்தான். "எதிர்ல டீக்கடையிலதான். காலைல ஒம்போது மணிலேர்ந்து."

*

டீக்கடை பெஞ்சில் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கோவிந்தராஜ். பக்கத்தில் ஐந்து காலி டம்ளர்கள். கடைக்காரர் எடுத்துப் போகப் பயந்துகொண்டு விட்டுவைத்திருந்தார்.

சுசீலா எதிரில் போய் நின்றாள். பதினாறு நாளில் முதல் வார்த்தை.

"மாமா."

அவர் நிமிரவில்லை. "எத்தினி சொட்டு?"

"நிமிசத்துக்கு ரெண்டு."

"என் பேருக்குக் கீழதானே?"

அவள் தலையசைத்தாள். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. முப்பது வருஷம் மராமத்து பார்த்தவர். எங்கே ஒழுகும் என்று காலையிலேயே தெரிந்திருக்கும்.

"நீங்க வேணாம்னா வேணாம் மாமா. நான் கை வெக்க மாட்டேன். ஆனா உங்கள ஒரு வார்த்தை கேக்காம போனா, அந்தப் பொம்பளைங்க மூஞ்சில நான் முழிக்க முடியாது."

கிழவர் குடைக்கம்பியைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"ஃபேக்டரில முப்பத்தியோரு வருசம். டோக்கன் நம்பரு நாலாயிரத்தி எட்நூத்திப் பன்னெண்டு. கூப்புடுறதும் அதான், சம்பளமும் அதான். ரிடையர் ஆனப்ப குடுத்த கடியாரத்துலகூட நம்பருதான் போட்டுக்கீது. என் பேரு எழுதுன எடம் இந்த ஊர்ல அது ஒண்ணுதாம்மா."

சுசீலாவுக்கு அழுகை வந்துவிட்டது. பதினாறு நாள் கோபம் எதற்கு என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. "மன்னிச்சிக்கோங்க மாமா. நான் சிமிட்டியைத்தான் சொறண்டறோம்னு நெனச்சேன்" என்றாள்.

"சிமிட்டிதான்மா. நல்லது பண்றோம்னு நெனச்சிக்கினு அதும் மூக்கை மூடினேன். தப்பு என்னுதுதான்." எழுந்தார். குடையை அவள் கையில் கொடுத்தார். "கோதண்டத்துக் கையில சொல்லு, அதுல கை வெக்கக் கூடாது. நான் வெச்சது. நானே எடுக்கறேன்."

*

அறுபத்தாறு வயசு. முழங்கால் வலி. ஆனால் அந்த மாடிப்படியை அவர் ஏறிய வேகத்துக்கு உத்தமனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகைக்கு எதிரில் உட்கார்ந்தார். ஒரு தடவை தன் பெயரை விரலால் தடவினார். பிறகு உளியை வைத்து அடித்தார்.

முதலில் 1974 போயிற்று. அடுத்து 'ராஜ்' பெயர்ந்து விழுந்தது. 'கோவிந்த' விழுந்தபோது பின்னாலிருந்து டீத்தண்ணீர் நிறத்தில் பழைய நீர் குபுக்கென்று வழிந்தது. பெண்கள் வெட்டுத்துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுசீலா பக்கத்தில் மண்டியிட்டு ஒற்றி ஒற்றிப் பிழிந்தாள். மாமனார் உடைக்க, மருமகள் துடைக்க, ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இது பதினாறு நாள் பேசாமல் இருந்ததைப் போன்றது அல்ல.

கீழேயிருந்து வேம்புலியம்மாளின் குரல் வந்தது. "ரெண்டுலேர்ந்து ஒண்ணாயிடுச்சு!"

கொஞ்ச நேரம் கழித்து, "மூணு நிமிசத்துக்கு ஒண்ணு!"

நாலு இருபதுக்கு, "நின்னுடுச்சு!"

சுசீலா கீழே ஓடிவந்தாள். யாரும் நம்பவில்லை. இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. ஈரத் துணியை எடுத்துவிட்டுப் புதுத் துணி விரித்தார்கள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். தலைக்கு மேல் அய்யாயிரம் லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்ற பயம் ஒருத்திக்கும் இல்லை. நாலே முக்கால். துணி காய்ந்தே இருந்தது. ஐந்து.

ரகுநாதன் துணியைக் கையால் தடவிப் பார்த்தார். நூலைப் பார்த்தார். உத்தரத்தைப் பார்த்தார். பிறகு ஃபைலில் எழுதினார். எழுதியதைப் படிக்கவும் செய்தார்.

"தளம் உறுதி. கசிவு இல்லை. இடிக்கத் தேவையில்லை. பழுது பார்த்துப் பயன்படுத்தலாம்."

அந்தக் கூச்சல் ஆவடி வரைக்கும் கேட்டிருக்கும். வேம்புலியம்மாள் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், டீக்கடைக்காரர் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. கோதண்டம் சுண்ணாம்பு வாளியைக் கொண்டுவந்து இன்ஜினியர் முன்னால் வைத்தார்.

"சார், எழுதுனது உங்க ஆளுங்க. அழிக்கிறதும் நீங்கதான்."

ரகுநாதன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு சிவப்பு எழுத்தின் மேல் மட்டையால் ஒரே இழுப்பு இழுத்தார். இரண்டாவது இழுப்பில் சிவப்பு மறைந்தது.

"கண்டம் கழிஞ்சுது! இனிமே நூறு வயசு!" என்று வேம்புலியம்மாள் கத்தினாள்.

உத்தமன் மேலே ஓடிப்போய் அடைப்பைப் பிடுங்கிவிட்டான். எட்டு அங்குலத் தண்ணீரும் வடிகுழாய் வழியாகக் கொட்டிற்று. அதற்கடியில் போய் நின்றாள் ஒருத்தி; அவளைத் தொடர்ந்து எல்லோரும். மழையே இல்லாத மாசி மாசத்தில் லாயத் தெருப் பெண்கள் தொப்பலாக நனைந்து குதித்தார்கள். சுசீலாவும்தான். முந்நூற்று அறுபது குடமும் தங்கள் தலையிலேயே திரும்பி விழுவதில் அப்படி ஒரு ஆனந்தம்.

நனைந்துகொண்டிருக்கும்போதே அவளுக்குத் தோன்றியது. வாசல் வளைவின் உச்சியில், சுண்ணாம்பிலேயே, பெரிய எழுத்தில் மாமா பெயரை எழுதிவிட வேண்டும். ஃபேக்டரிக்காரர்கள் பஸ்ஸில் போகும்போது படிக்கட்டும்.

அதைச் சொல்லத்தான் மாடி ஏறினாள்.

கோவிந்தராஜ் இன்னும் அந்த மூலையில்தான் உட்கார்ந்திருந்தார். கீழே நடந்த ஆட்டம் எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தோள் துண்டால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார், குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி.

"மாமா, வாசல்ல உங்க பேரை..."

பாதியில் நிறுத்தினாள். சிமெண்ட் பலகை இருந்த இடத்தில், பழைய சுண்ணாம்புப் பூச்சில், புடைப்பாக எழுத்துகள் தெரிந்தன. ஒரு எழுத்துகூட சிதையவில்லை.

உபயம்: தாயம்மாள்.

"யாரு மாமா இது? உங்களுக்கு முன்னாடியே ஒருத்தங்க உபயம் பண்ணிக்கீறாங்களா?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தளம் ஒழுவாம நின்னது அவ போட்டதுனாலதான். நான் போட்டதுதான் ஒழுவுச்சு" என்றார். பிறகு முதல் தடவையாக மருமகளின் முகத்தை நேராகப் பார்த்தார். "லாயத்தைக் காப்பாத்த பூசுனேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன் சுசீலா. பொய்யி. இந்தப் பேரை மூடத்தான் பூசுனேன்."

(தொடரும்)